வினையும் மனையும்

குடும்பப் பொறுப்பு ஒருவர் தம் தொழிலிற் காணும் மனநிறைவை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா சமூகவியலார்க்கும் உளவியலார்க்குமே உரியது எனப் பலர் கருதுவர். ஆயின் பழந்தமிழ்ச் செய்யுட்கள் இவ்வினாவைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டுள்ளன. பொருள்வயிற் பிரிவு என்னும் துறை முழுவதும் வினைக்கும் மனைக்கும் இடையே நிகழும் போராட்டமே. பரிசில் வேண்டி வாயில்தோறும் நின்ற புலவர்தம் பாட்டுக்களிலும் அப்போராட்டமே வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. இப்பாட்டுக்கள் ஆடவர்க்கும் மகளிர்க்கும் வெவ்வேறு நிறைவை வகுத்தனவா, அன்றி அவ்வாறு வகுத்தோரின் வாய்மொழியை எடுத்துக் காட்டினவா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

இப்பொருள்பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்தாள்வது குறுந்தொகையின் 135ஆம் பாட்டாகும். பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய அப்பாட்டின் முற்பகுதி, தொழிலை ஆண்மக்களின் உயிராகவும், ஆண்மக்களை இல்லுறை மகளிரின் உயிராகவும் கூறுகின்றது. மேடைகளிலும் பாட நூல்களிலும் இம்முற்பகுதி மட்டும் தனித்தெடுக்கப்பட்டு, பழந்தமிழர் கண்ட வாழ்க்கை விதியென ஓதப்படுகின்றது. ஆடவன் புறத்தே உழைத்து நிறைவு பெறுவான், மகள் அகத்தேயிருந்து அவனால் நிறைவு பெறுவாள் என்பதே அவ்விதியின் பொருளெனவும் விரித்துரைக்கப்படுகின்றது.

பாட்டை முழுமையாக நோக்கின் இவ்விளக்கம் நில்லாது. கூற்று தோழியினுடையது. தலைவன் பிரிவான் என அஞ்சி அழும் தலைவியை அவள் தேற்றுகின்றாள். மேற்கூறிய கருத்தைத் தோழி தன் கொள்கையாகக் கூறவில்லை. அது முன்னொரு காலத்தே தலைவனே தங்களுக்கு எடுத்துரைத்தது என்கின்றாள். அங்ஙனம் உரைத்தவன் தலைவியின் உயிர் தன்னைச் சார்ந்தது என்பதை அறிவான். ஆதலின் செலவைத் தவிர்வான், அழற்க என்பதே அவள் முடிபு. எனவே பிரிவுக்குச் சான்றாக இன்று காட்டப்படும் கூற்று, பாட்டினுள் பிரிவைத் தடுத்தற்குரிய ஏதுவாக நிற்கின்றது. உயிரெனத் தான் போற்றிய வினையை மனையின்பொருட்டு நிறுத்தி வைக்கும் கடப்பாடு ஆடவனுக்கும் உண்டு என்பதே அதனாற் பெறப்படுவது. முற்பகுதியை விதியாக்கிப் பிற்பகுதியை மறந்தவர் பிற்காலத்தார், புலவர் அல்லர்.

இனி, குடும்பப் பொறுப்பு ஆடவனின் தொழில் நிறைவை எவ்வாறு அழுத்துகின்றது என்பதைப் பெருஞ்சித்திரனார் பாட்டுக்களிற் காணலாம். குமணனைப் பாடிய புறநானூற்று 159ஆம் பாட்டில் அவர் தம் இல்லத்தை ஒளிவின்றிக் காட்டுகின்றார். முதுமையால் வாழ்வை வெறுத்த தாய், கோலூன்றி அடிமேல் அடிவைத்து முற்றத்தளவும் செல்லமாட்டாள். மனைவியோ குழந்தைகள் பலவும் பற்றி இழுக்க மெலிந்தவள். குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறுமின்றி உண்கின்றாள். அழுக்கேறிக் கிழிந்த ஆடையுடன் அறத்தையே பழிக்கின்றாள்.

இத்துணை வறுமையைக் கூறியபின் புலவர் எதையும் இரந்து பெறுவார் என்றே படிப்போர் எதிர்பார்ப்பர். ஆயின் அப்பாட்டிலேயே, மனமின்றிக் கொடுப்பது களிறாயினும் கொள்ளேன், மகிழ்ந்து கொடுப்பது குன்றிமணியளவாயினும் கொள்வேன் என்று அவர் கூறுகின்றார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைத் தாம் வாணிகப் பரிசிலன் அல்லேன் என மறுத்தமையை 208ஆம் பாட்டுக் காட்டுகின்றது. கூலி வேறு, தொழிலின் நிறைவு வேறு என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது. கற்றவன் தன் கல்வியை அறிந்து மதிப்பவனையே நாடுகின்றான். மதிப்பில்லாத ஊதியம் அவன் வயிற்றை நிரப்புமேயன்றி உள்ளத்தை நிரப்பாது.

இப்பெருமிதத்தைப் போற்றாத உரையாசிரியர் இலர். போற்றத்தக்கதே அது. எனினும் திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதியமானின் பரிசில் மறுக்கப்பட்ட நாளில் புலவரின் மனையில் உலை ஏறியது எவ்வாறு? அதற்கு விடையைப் பெருஞ்சித்திரனாரே 163ஆம் பாட்டில் தருகின்றார். குமணன் அளித்த செல்வத்தைக் கொணர்ந்து மனைவியிடம் ஒப்படைத்து, உன்னை விரும்பியோர்க்கும் நீ விரும்பியோர்க்கும் உன் சுற்றத்தார்க்கும் கொடு என்கின்றார். அவ்வரிசையில், குடும்பத்தின் கடும்பசி தீர நெடுநாட் குறியெதிர்ப்பை தந்தவர்களும் சேர்க்கப்படுகின்றனர். குறியெதிர்ப்பையாவது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைம்மாற்று. அவ்வொரு சொல்லால் மறைந்து கிடந்த வரலாறு முழுவதும் வெளிப்படுகின்றது. புலவர் சுரம் கடந்து வள்ளல்களைத் தேடிய காலமெல்லாம் மனைவி அயல்வீடுகளில் நாழியும் உழக்குமாக வாங்கிக் குழந்தைகளைக் காத்திருக்கின்றாள். அவர்தம் பெருமிதம் அவள் பொறையின்மேல் நின்றது.

பெருஞ்சித்திரனாரின் சிறப்பு இக்கடனை மறையாமற் கூறியமையே. என்னொடு கலந்து எண்ணவும் வேண்டா, எல்லோர்க்கும் கொடு என்று அவர் மனைவிக்கு உரிமையும் வழங்கினார். தம் தொழிலின் பயனை அவள் கையில் வைத்ததனால், அத்தொழிலில் அவளுக்கும் பங்குண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் அறத்தைப் பழித்த அப்பெண்ணின் குரல் கணவர் வாய்வழியன்றி நமக்கு எட்டவில்லை.

அதே அதியமானின் வாயிலில் நின்ற மற்றொருவர் ஔவையார். பரிசில் நீட்டிக்கப்பட்டபோது, வாயில் காப்போனை விளித்து அவர் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. தன் தரத்தைத் தன் தலைவன் அறியானோ என வினவி, யாழையும் பையையும் கட்டியாயிற்று என்கின்றார். கைத்திறன் வாய்ந்த தச்சனின் மக்கள் கோடரியோடு காட்டிற் புகுந்தாற்போலத் தமக்கு எத்திசைச் சென்றாலும் உணவு உண்டு என்கின்றார். தொழிற்பெருமிதத்தில் இப்பாட்டு 208ஆம் பாட்டுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. வேறுபாடு ஒன்றே. பெருஞ்சித்திரனார் மனையையும் மக்களையும் தம் பாட்டினுள் அழைத்து வருகின்றார். இங்கே அவற்றைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதிலிருந்து ஔவையாரின் வாழ்க்கை வரலாற்றைக் கட்டுதல் முறையாகாது. ஆயினும் பெண்ணொருத்தி தன் தொழிலைப்பற்றி முழுப் பெருமிதத்தோடு பேசும் பாட்டில் குடும்பச் சுமை இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. ஆடவன் குடும்பத்தைச் சுட்டும்போது அவன் வேண்டுகோளுக்கு அது வலுவூட்டுகின்றது. பெண் சுட்டியிருப்பின், வாயிலோன் அவளை மனைக்குத் திரும்புக என்றிருப்பானோ என்னும் ஐயம் இன்றைய படிப்போர்க்கு எழுதல் இயல்பே.

சங்ககால மகளிர் தொழில் செய்யாதவர் அல்லர். கபிலரின் நற்றிணை 353ஆம் பாட்டில் ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல் குறிக்கப்படுகின்றது. ஆயின் மலையிற் படியும் முகிலுக்கு உவமையாக வந்ததோடு அவர்தம் உழைப்பு நின்றுவிடுகின்றது. அம்மூவனாரின் அகநானூறு 140ஆம் பாட்டில் உமணர் மகளொருத்தி நெல்லுக்கு மாறாக உப்பு விலை கூறிச் சேரியில் நடக்கின்றாள். தலைவன் கண்டது அவள் நோக்கை. அவள் நடந்த தொலைவையன்று. பெரும்பாணாற்றுப்படையிலோ கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வண்டியொன்றை உள்ளவாறே தீட்டுகின்றார். குழந்தையை உடைய பெண் வண்டியிலிருந்து எருதுகளை ஓட்டுகின்றாள். காடி வைத்த கலமும் அவளருகே உள்ளது. வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். அவ்வண்டியே வீடு, அதுவே தொழிற்களம். வினை ஒருபுறம் மனை ஒருபுறம் என்னும் பாகுபாடு அங்கே இல்லை. பொறுப்பும் உழைப்பும் இருவர்க்கும் உரியன. எனினும் குழந்தை இருப்பது ஓட்டுபவளிடத்தேயாம் என்பதையும் புலவர் காட்டத் தவறவில்லை.

பிற்கால அறநூலாகிய திருக்குறளில் இப்பாகுபாடு இன்னும் தெளிவுபடுகின்றது. குடிசெயல்வகை என்னும் 103ஆம் அதிகாரம் குடும்பத்தை உயர்த்த உழைப்பவனைப் போற்றுகின்றது. அவனுக்குப் பருவமென ஒன்றில்லை. அவன் உடம்பு துன்பத்திற்கே கொள்கலமோ எனப் புலவர் இரங்கவும் செய்கின்றார். வாழ்க்கைத் துணைநலம் என்னும் 6ஆம் அதிகாரமோ தன்னையும் கணவனையும் புகழையும் காத்துச் சோர்வின்றி இருத்தலை மனைவிக்கு இலக்கணமாக்குகின்றது. ஆடவனின் சோர்வுக்கு இரக்கம் உண்டு. பெண்ணுக்குச் சோர்வே விலக்கப்பட்டது. சுமை ஒன்றாயினும், ஒருவர்க்கு அது புகழ், மற்றவர்க்கு இயல்பு. புகழுக்குரியது நிறைவைத் தரும். இயல்பெனக் கொள்ளப்பட்டது குறைந்தவழிப் பழியைத் தருமேயன்றி நிறைந்தவழி நிறைவைத் தராது.

இக்காலக் கொள்கையை அக்காலப் புலவர்மேல் ஏற்றுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகாது என்பதே விடை. ஆனால் அப்புலவர்களின் சொற்களை எடுத்து இக்கால வாழ்க்கைக்கு விதி செய்வோர் இருக்கும்வரை, அவ்விதியை இக்கால வாழ்க்கையின் முன் நிறுத்திச் சோதித்தலும் தகும். நெய்தல்நிலம் பாடப்பட்ட முறையை ஒரு நெய்தல்நிலத்தின் நடப்போடு ஒப்புநோக்குதல் அதற்கேற்ற வழியாகும். இலங்கையில் அதற்குப் புத்தளம் மாவட்டக் கரையினும் பொருத்தமான இடம் காண்டல் அரிது.

எத்தாளை அக்கரையின் ஊர்களுள் ஒன்று. அது அமைந்த கற்பிட்டித் தீபகற்பத்திற்கு மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் கடனீரேரி. மீனும் உப்பும் தென்னையும் அந்நிலத்தின் பழைய செல்வங்கள். மணற்றரையில் கிணற்றுநீர் இறைத்துச் செய்யும் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களும் அப்பகுதியிற் பெயர்பெற்றவை. 'தமிழ் புளூட்டாக்' என்னும் தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்ததும் கற்பிட்டியிலேயே. புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த ஒருவரைத் தந்த அக்கரையில், புலவர் பாடிய வினைமுறைகளுட் பல இன்றும் நிலைத்துள்ளன. கரைவலை இழுப்போர் ஆடவர். மீனைக் கருவாடாக்கி உலர்த்துவதிலும் களைபிடுங்குவதிலும் வெங்காயம் பிடுங்கி முடிதலிலும் மகளிர் கை மிகுதி. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தில், சிறப்பாகக் கற்பிட்டிப் பகுதியில், தஞ்சம் புகுந்தனர். கடையும் முதலும் இழந்த குடும்பங்களில் பெண்கள் பலர் நாட்கூலிக்குத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஆடவனே உழைப்பான் என்னும் விதி அங்கே வறுமையினால் உடைந்தது. உலை வைத்தல் பெண்ணின் கடன் என்னும் விதியோ உடையவில்லை.

கடலுக்கு அப்பாற் செல்லும் தொழிலில் இவ்வேறுபாடு சட்டவடிவம் பெற்றது. தொல்காப்பிய அகத்திணையியல் கடல்வழிச் செலவு பெண்ணொடு கூடியதன்று என்னும் கருத்துடைய நூற்பாவொன்றை உடையது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைதேடி வெளிநாடு சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவருட் பெரும்பாலோர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராகச் சென்றவர். புத்தளம் மாவட்டமும் அவ்வாறு மகளிரை அனுப்பியதே. பொருள்வயிற் பிரிந்தவள் தலைவியாகவும், பிரிவாற்றியிருந்தவன் தலைவனாகவும் துறை தலைகீழாயிற்று.

இத்துறையைப் பாடப் பழைய இலக்கணத்தில் இடமில்லை. புதிய சட்டத்திலும் எளிதில் இடம் கிடைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல விரும்பும் பெண், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை உடையவளாயின் செல்ல இயலாது என்றாயிற்று. மூத்த குழந்தைகள் இருப்பின் அவர்களைக் காப்போர் யாவர் என்பதைக் காட்டவேண்டும். 2022இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. குழந்தை நலம் அரசின் கடமை என்பதை மறுப்பார் இலர். ஆயின் அதே வயதுக் குழந்தையை விட்டுச் செல்லும் தந்தையிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. தந்தை செல்லின் அது குடும்பத்திற்காகச் செய்யும் ஈகம்; தாய் செல்லின் அது குடும்பத்தைக் கைவிடுதல். குடும்பப் பொறுப்பு ஆடவன் தொழிலுக்குக் காரணமாகவும், பெண்ணின் தொழிலுக்குத் தடையாகவும் கொள்ளப்பட்டது.

இக்கொள்கை உள்ளத்தில் விளைக்கும் பயனை மேனாட்டு ஆய்வுகளும் எடுத்துக்காட்டுகின்றன. 1997இல் பிரித்தானியத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஆண்ட்ரூ கிளார்க், ஊதியமும் உயர்வாய்ப்பும் குறைந்திருந்தும் பெண்களே தொழிலில் மிகுந்த நிறைவு தெரிவித்தனர் எனக் கண்டார். அவர்தம் எதிர்பார்ப்புக் குறைவாக இருந்தமையே அதற்குரிய விளக்கமாக அவர் கூறியது. 2007இல் அமெரிக்காவில் ஷெல்லி கொரெலும் உடனாய்வாளரும் நடத்திய சோதனையில், ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களுள் தாய் எனக் குறிக்கப்பட்டவள் தகுதியும் ஈடுபாடும் குறைந்தவளாக மதிப்பிடப்பட்டாள். தந்தை எனக் குறிக்கப்பட்டவனுக்கு அவ்விழப்பு நேரவில்லை. இவ்விரு முடிபுகளையும் இணைத்து நோக்கின் ஒருண்மை புலப்படும். நிறைவு என்று சொல்லப்படுவதெல்லாம் நிறைவன்று. சிலவேளை அது, வேறொன்று கிடையாது எனக் கற்றுக்கொண்ட மனத்தின் அமைதி. போதுமென்ற மனம் தானே தேடிப் பெற்றபோது அறமாகும். பிறர் குறைத்துக் கொடுத்து, அதைப் போதுமெனச் சொல்லப் பழக்கியபோது அறமாகாது.

ஆசிரியத்தொழிலிலும் இதனைக் காணலாம். இலங்கைப் பாடசாலைகளில் ஆசிரியருட் பெரும்பான்மையோர் பெண்கள். அத்தொழில் பெண்களுக்கு ஏற்றது எனக் கூறுவோர் பலர். காரணம் வினவின், பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும், வீட்டைக் கவனிக்கலாம் என்பர். ஒரு தொழில் தொடங்கும் நோக்கத்தாலன்றி முடியும் நேரத்தாற் புகழப்படுவது விந்தை. மாணாக்கர் உள்ளத்தில் அறிவு மலர்வதைக் காணும் நிறைவு அப்புகழுரையில் இடம்பெறுவதில்லை. ஆண் ஆசிரியருக்கோ வேறொரு குறை. அவர் குடும்பத்தைத் தாங்கவேண்டியவர் ஆதலின், இச்சம்பளம் எவ்வாறு போதும் என்னும் கேள்வி அவரைத் தொடர்கின்றது. மாலையில் தனிவகுப்புக்களுக்கு ஓடுபவர் தம் குழந்தை உறங்கியபின்னரே வீடு திரும்புகின்றார். ஒருத்திக்குத் தொழிலின் ஆழம் மறுக்கப்படுகின்றது. ஒருவனுக்கு மனையின் இன்பம் மறுக்கப்படுகின்றது. எனவே இப்பாகுபாடு மகளிர்க்கு மட்டுமே தீங்கு எனக் கருதுதலும் முழுமையன்று.

அரசாங்க சேவையில் மகப்பேற்றுக்காகத் தாய்க்கு முழுச்சம்பளத்துடன் 84 நாள் விடுமுறை உண்டு. தந்தைக்கு 3 நாள். தாய்க்கு அளிக்கப்பட்டது உடல்நலத்தின்பொருட்டும் இன்றியமையாதது. அதனைக் குறைக்கவேண்டும் என்பார் எவருமிலர். ஆயின் தந்தைக்கு அளிக்கப்பட்ட மூன்று நாள், குழந்தை வளர்ப்பில் அவன் விருந்தினன் என்று சொல்லாமற் சொல்கின்றது. குடும்பப் பொறுப்புடைய தொழிலாளரைப்பற்றிச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1981இல் நிறைவேற்றிய 156ஆம் இலக்கச் சமவாயம், அப்பொறுப்பை ஆண் பெண் இருபாலார்க்கும் உரியதாகவே வைத்துப் பேசுகின்றது. சட்டங்கள் அங்கே சென்றடையக் காலமாகலாம். கருத்து முன்னே செல்லவேண்டும்.

இக்கருத்தைப் பரப்பும் கடமை இலக்கியம் கற்பிப்போர்க்கும் உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை நேரிற் கண்டு 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலை 1979இல் தந்த ராஜம் கிருஷ்ணன், பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டியை ஓட்டியவளின் வழித்தோன்றல்களுக்குக் குரல் கொடுத்தார். பழம்பாட்டில் உவமையாகவும் காட்சியாகவும் நின்ற உழைப்பு அங்கே கதைப்பொருளாயிற்று. கற்பிட்டிக் கரையிலும், எத்தாளை போன்ற ஊர்களிலும், கருவாடு உலர்த்தியும் வெங்காயம் முடிந்தும் கடல்கடந்தும் குடும்பம் காத்த மகளிரின் கதை அத்தகைய முழுமையோடு எழுதப்படவேண்டும். அவர்களைப் பிரிந்து தனித்திருந்து குழந்தைகளைச் சோறூட்டி வளர்த்த ஆடவரின் கதையும் உடன் எழுதப்படவேண்டும்.

அதற்கு முற்படியாக வேண்டுவது, கைவசமுள்ள பாட்டுக்களை முழுமையாகப் படித்தல். வினை ஆடவர்க்கு உயிர் எனக் கற்பிக்கும் ஆசிரியர், அது தலைவனே தன்னைப்பற்றிச் சொன்ன சொல் என்பதையும், அச்சொல்லைக் கொண்டே தோழி அவனை மனையில் நிறுத்தினாள் என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பெருஞ்சித்திரனாரின் பெருமிதத்தைக் கற்பிக்கும்போது, அயலார் தந்த குறியெதிர்ப்பையையும் அதனை வாங்கச் சென்ற கால்களையும் மறவாமை வேண்டும். ஒருவர் தொழிலிற் பெறும் நிறைவு அவர் தொழிலுக்குள் மட்டும் விளைவதன்று. மனையின் சுமையை யார் சுமக்கின்றார் என்பதைப் பொறுத்தே அது வளரும், தேயும். சுமை ஒருவர்மேல் மட்டும் நிற்குமிடத்து, மற்றவரின் நிறைவு கைம்மாற்றாகப் பெற்ற நிறைவேயாம். கைம்மாற்றுத் திருப்பிக் கொடுக்கப்படவேண்டியது என்பதைப் பெருஞ்சித்திரனார் அறிந்திருந்தார்.